பதினோரு கிருஷ்ணர்களும் ஒரு தகர பஸ்ஸும்

குழந்தை இல்லாத வீட்டு அலமாரியில் பொம்மைகள் இருந்தால் அவை குழந்தைக்காக ஏங்கி வாங்கப்பட்டவை என்ற நம்பிக்கை நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவர்கள் நம்புகிறார்கள், மாவு மில்காரர் நம்புகிறார், இரண்டு பட்டம் வாங்கியவர்களும் நம்புகிறார்கள். இது பிழை. எழுத்துப்பிழையைப் போல அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய பிழையும் அன்று. காரியத்தைத் தூக்கிக் காரணத்துக்கு முன்னால் உட்கார வைக்கும் பெரும்பிழை. குரோம்பேட்டையில் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே இரண்டாவது மாடியில் குடியிருக்கும் தமயந்தி தன் முதல் பொம்மையை வாங்கியபோது அவளுக்கு வயது பத்தொன்பது. கல்யாணம் ஆனது இருபத்தாறில். குழந்தை இல்லை என்று ஊர் முடிவு செய்தது இருபத்தெட்டில். அவளும் அதே முடிவுக்கு வந்தது முப்பத்தொன்பதில். இப்போது நாற்பத்தைந்து. இன்னும் ஏற்படாத ஒரு குறைக்கு ஒன்பது வருடம் முன்கூட்டியே ஆறுதல் தேடிக்கொண்டு யாரும் தகரத் தவளை வாங்குவதில்லை. இந்தத் தேதிகளை அவள் பலரிடம், பலமுறை, வரிசை மாறாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்து, "பாவம்" என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் கூடத்தில் பாய் விரித்து, புத்தக அலமாரிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு தகர பஸ்ஸின் ஜன்னல்களில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி படித்த நாவல். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் மேற்படித் தவளை. ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் அவள் வழக்கம். பத்துப் பக்கம் படிப்பாள், ஒரு பொம்மையைத் துடைப்பாள், சாவி கொடுத்து ஓடவிட்டுப் பார்ப்பாள், மறுபடி பத்துப் பக்கம். ஆனால் இன்று முக்கால் மணி நேரமாக நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவன் கதவைத் திறக்கப் போகிறான். கையைத் தாழ்ப்பாள் மேல் வைக்கிறான். நாலு மணிக்கு இந்துமதி வருகிறாள். அவன் மறுபடி கையைத் தாழ்ப்பாள் மேல் வைக்கிறான். இந்துமதி தமயந்தியின் கணவன் குலசேகரனின் தங்கை, பம்மலில் இருக்கிறாள், கூப்பிடு தூரம்தான், அதனால்தான் அடிக்கடி கூப்பிடுகிறாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, ஏனென்றால் குலசேகரன் எந்தப் போனையும் காதில் வைத்துப் பேசுவதில்லை, ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து இருந்து உலகத்திலுள்ள எல்லாச் செய்தியும் ஒலிபெருக்கியில்தான் வரவேண்டும் என்று நினைக்கிறவன். "அண்ணா, நேத்து ஜஷ்விக்கு அஞ்சு முடிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் செய்யல. போன தடவை வந்தப்ப அந்தச் சிவப்பு பஸ்ஸையே பாத்துட்டு நின்னா. அதை எடுத்து வைங்க, நாலு மணிக்கு வர்றோம்." "சரி சரி" என்றான் குலசேகரன். ஜஷ்வி என்பது ஜஷ்விகா. ஜஷ்விகா என்றால் என்ன பொருள் என்று தமயந்தி மூன்று அகராதிகளில் தேடிவிட்டாள். ஜலதோஷத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லை. குலசேகரன் போனில் சொல்லும் 'சரி' என்பதும் அப்படித்தான், அதற்கு அகராதியில் உள்ள பொருள் கிடையாது, அது சம்மதம் அல்ல, எதிர்முனையில் பேசுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்வதற்காக இவன் போடும் நிறுத்தற்குறி; பத்தொன்பது வருடமாக இதைத் தெரிந்து வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான், இந்துமதிக்குத் தெரியாது, ஆகவே இந்துமதியின் உலகத்தில் பஸ் ஏற்கெனவே பம்மலுக்குப் புறப்பட்டுவிட்டது.

பிரஷ் ஆறாவது ஜன்னலுக்கு வந்தது. பஸ்ஸின் இடப்பக்கம் ஆறு ஜன்னல், முதல் ஐந்திலும் ஒரே மீசை வைத்த ஐந்து ஆண்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆறாவதில் ஒரு பெண், அவள் மட்டும் தலையைக் குனிந்திருப்பாள். தூங்குது என்பான் குலசேகரன். அச்சு சரியா விழலம்மா, அதான் மூஞ்சி கீழ போயிடுச்சு, என்றார் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த குழாய்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் இதைப் பரப்பி வைத்திருந்த பெரியவர். இருவரும் தவறு. அவள் படிக்கிறாள். மடி ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, தகரத்துக்குள் இருக்கிறது, ஆகவே புத்தகம் தெரியவில்லை, அவ்வளவுதான். மூக்கின் கோணத்தைப் பார்த்தாலே தெரியும், தூங்குகிறவளின் மூக்கு இப்படி ஒரு தீர்மானத்தோடு கீழே பார்க்காது. பஸ்ஸைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் எந்த பிஸ்கட் டப்பாவை வெட்டிச் செய்தார்களோ அந்த டப்பாவின் எழுத்துகள் பாதி பாதியாகத் தலைகீழாக இருக்கும். தமயந்தி அதையும் படித்திருக்கிறாள். வாங்கியபோது ஓடவில்லை. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டறை நடத்துகிறவளுக்கு ஓடாத பஸ் என்பது விடுமுறை நாளுக்கு ஒரு காரணம். பழைய மேஜைக் கடிகாரத்தின் சுருள்வில்லை எடுத்து, அகலம் குறைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பொருத்தினாள். நாலாவது ஞாயிறு ஓடியது. சோபாவின் காலில் முட்டி, தானாகத் திரும்பி, டிங் என்று மணியடித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தது. அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தாள், கீழ் வீட்டுக்காரர் வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

"முடியாது, இந்து" என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாக இல்லை, வங்கியில் சொல்வதுபோல் இருந்தது. "இல்ல இந்து, அது வந்து." அது வந்து என்று தொடங்கும் எந்தத் தமிழ் வாக்கியமும் இதுவரை எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. அடுப்படியில் குலசேகரன் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தான். வீட்டில் சங்கடம் வரப்போகிறது என்றால் முதலில் வாழைக்காய் வாங்கிவிடுவான். அங்கிருந்தபடியே, "தமா, ஸ்பிரிங் போச்சுன்னு சொல்லிடலாமே" என்றான்.

"போகலையே."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப பரண்ல ஏத்திடட்டுமா? நாலு நாள் கழிச்சு இறக்கிக்கலாம்."

"என் வீட்டுல என் பஸ்ஸை நான் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? திருடுன பஸ்ஸா?"

"அப்ப குடுத்துடு."

அவள் பஸ்ஸைப் பாயில் இறக்கி வைத்தாள். கத்தி கொஞ்ச நேரம் ஓடவில்லை. பிறகு மறுபடி ஓடியது. குடு என்கிறான் இவன், எடுத்து வை என்கிறாள் அவள். பழைய இலக்கணத்தில் ஒரு விதி உண்டு, கேட்பதற்குத் தமிழில் மூன்று சொல், கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் ஈ என்பான், சமமாக இருப்பவன் தா என்பான், உயர்ந்தவன் கொடு என்பான், இதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இந்த விதியால் வாழ்க்கையில் ஒரு பயனும் இல்லை என்று நினைத்தாள், தவறு, இப்போது பயன்படுகிறது, ஏனென்றால் இந்துமதி மூன்றையும் சொல்லவில்லை. எடுத்து வைங்க என்றாள். கேட்கவே இல்லை. தன் பொருளை இன்னொருவர் வீட்டில் போட்டு வைத்திருப்பவர் சொல்வது அது. இஸ்திரிக் கடையில் சொல்வது. இந்த நாலாவது வகைக்கு இலக்கணத்தில் இடமில்லை. அந்தக் காலத்தில் நாத்தனார்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் கேட்பதை யாரும் கேள்வி என்று எண்ணியிருக்க மாட்டார்கள், அதனால் விட்டுப்போயிருக்கும். மணி மூன்று இருபது. தாழ்ப்பாள் மேல் கை.

எழுந்து அலமாரியைப் பார்த்தாள். ஐந்து தட்டு, எல்லாவற்றிலும் புத்தகங்கள், புத்தகங்களுக்கு முன்னால் மீதமிருக்கும் நாலு விரல் அகலத்தில் பொம்மைகள். ஒரே ஒரு சட்டம்தான், எந்தப் பொம்மையும் ஒரு புத்தகத்தை உருவ விடாமல் மறிக்கக்கூடாது, மறித்தால் பொம்மைதான் நகர வேண்டும். கொத்துகிற கோழி, டமாரம் அடிக்கும் கரடி, தண்டவாளம் தொலைந்த ரயில், பின்னால் இழுத்து விட்டால் பாயும் லாரி. இரண்டுக்கும் ஊரில் இரண்டு வகைக் கேள்வி உண்டு. பொம்மைக்கு, "யாருக்கு வாங்கறீங்க?" புத்தகத்துக்கு, "ஏதாவது பரீட்சையா?" "எனக்கு", "இல்லை" என்று பதில் சொல்லிவிட்டால் கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பார்கள், அந்தக் கொஞ்ச நேரம் தமயந்திக்குப் பிடிக்கும். வருடத்தில் ஒன்பது நாள் மட்டும் பெரியவர்கள் பொம்மை வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது, கொலு என்று பெயர், அதற்கும் சாமி துணைக்கு இருக்க வேண்டும், பத்தாம் நாள் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து முடித்துவிட வேண்டும். அந்த ஒன்பதில் கடைசி நாளிலேயே புத்தகத்துக்குத் தடை, எல்லாவற்றையும் பூஜையில் அடுக்கிவிட்டு மறுநாள் வரை ஒரு வரி படிக்கக்கூடாது, படிப்புக்குத் தெய்வம் வைத்த ஊரில் அந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்லும் வழி படிக்காமல் இருப்பது. கல்யாணமான முதல் வருடமே தலையணை உறைக்குள் ஒரு புத்தகத்தைப் பூஜைக்குத் தப்ப வைத்தாள். பத்தொன்பது வருடமாகத் தப்ப வைக்கிறாள். பொம்மைகளைப் படுக்க வைத்ததும் இல்லை. இதனால்தான் என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். எதனால் எது என்று அவர்கள் விளக்கவில்லை.

மூன்றாவது தட்டில் கிருஷ்ணர்கள். பதினோரு பேர். தவழும் கிருஷ்ணன் பொம்மையை வீட்டில் வைத்துத் தினமும் பார்த்தால் குழந்தை பிறக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை, அதை இங்கே திருத்தப் புகுந்தால் மணி நாலாகிவிடும். முதல் கிருஷ்ணன் கல்யாணமான மூன்றாவது வருடக் கொலுவுக்கு வந்தான், மண், காஞ்சிபுரத்து அத்தை கொடுத்தது. அப்புறம் பித்தளை, அப்புறம் மரம், அப்புறம் மாவுக்கல், பாலிடெக்னிக்கில் தட்டச்சர் ஓய்வு பெறும்போது எல்லோரும் அவளுக்குக் கொடுக்க, அவள் தமயந்திக்குக் கொடுத்தாள். உனக்குத்தான் பொம்மை பிடிக்குமே என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாலு பேர். தபால்தலை சேர்க்கிறவனிடம் வருடா வருடம் ஒரே தபால்தலையை நீட்டி அவன் கண்ணில் நீர் வருகிறதா என்று உற்றுப் பார்ப்பது போன்ற காரியம் அது. ஒரு சேகரிப்பாளராக அவள் சொல்லக்கூடியது, ஒன்பது பேர் இடது முழங்காலை முன்னால் வைத்துத் தவழ்கிறார்கள், இருவர் வலது முழங்காலை. மற்றபடி ஒரே வெண்ணெய், ஒரே சிரிப்பு. ஏழாவது கிருஷ்ணன் மட்டும் தனி ரகம், விளக்கை அணைத்தால் பச்சையாக ஒளிர்வான், இந்துமதி கொடுத்தது. "ராத்திரி கண்ணு முழிச்சாலும் உங்க கண்ணுல படணும்ல அண்ணி." பட்டான். அந்த வருடம் அவள் பல இரவு கண் விழித்தாள். அவனை ஒரு துண்டால் மூடி வைத்தாள். துண்டுக்குள்ளும் கொஞ்சம் பச்சையாகத்தான் தெரிந்தான்.

அந்த வருடம். அங்கே போக வேண்டாம் என்று பஸ்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் தேதிகளை அடுக்குகிறவள் தனக்குச் சாதகமான தேதிகளை மட்டும் அடுக்குவது அழகல்ல. அந்த வருடம் அவள் முப்பத்தொரு பொம்மை வாங்கினாள். வேறெந்த வருடமும் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் நீல நாற்காலிகள், காலை ஏழு மணிக்கு டோக்கன், ஊசி, காத்திருப்பு, மறுபடி ஊசி, ஏழு வருட சிகிச்சையில் அதுதான் கடைசிக்கு முந்திய முயற்சி, அதுதான் ஒன்பது வாரம் வயிற்றில் நின்றது. ஒன்பது வாரம். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம். வெயிலில் குனிந்து குனிந்து தகரக் குவியலைக் கிளறினாள், கையை அறுத்துக்கொண்டாள், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாள். ஆக அவர்கள் சொல்வது சரிதானோ. இந்த இடத்தில்தான் எப்போதும் கால் தடுக்கும். மற்ற வாதமெல்லாம் நன்றாக ஓடும், தவளை, பத்தொன்பது, இருபத்தாறு, இங்கே வந்ததும் சோபாக் காலில் முட்டிக்கொள்ளும். ஆனால் அந்த பஸ்ஸுக்குத் திரும்பத் தெரியும். அந்த வருடம் அவள் அறுபத்துநாலு புத்தகமும் படித்தாள். அவற்றை யாரும் குழந்தைக்குப் பதில் என்று சொல்லவில்லையே. நீல நாற்காலியில் பக்கத்தில் இருந்த பெண், திருவள்ளூரோ திருத்தணியோ, கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள், "எப்படிம்மா உன்னால இங்க உக்காந்து படிக்க முடியுது?" என்று கேட்டாள், கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "படிக்காம எப்படிங்க உக்கார முடியும்?" என்றாள் தமயந்தி. அந்தப் பெண் யோசித்துவிட்டு, "அப்ப சத்தமாப் படி" என்றாள். டோக்கன் கூப்பிடும்வரை சத்தமாகப் படித்தாள். நாலைந்து நாற்காலிகள் அவள் பக்கம் நகர்ந்தன. துப்பறியும் கதை. கொலைகாரன் யார் என்று தெரிவதற்குள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். துக்கத்தில் வாங்கியது என்பதற்காக முப்பத்தொரு பொம்மையும் துக்கத்தின் பொம்மை ஆகிவிடுமா. காய்ச்சலில் குடித்த காபியும் காபிதான். கரடிக்கு அதெல்லாம் தெரியாது, சாவி கொடுத்தால் டமாரம் அடிக்கும், கேட்டால் சிரிப்பு வரும், அந்த வருடமும் வந்தது.

மூன்று நாற்பது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் சத்தம். பயம் எதற்கு என்று நேராகக் கேட்டுக்கொண்டாள். பஸ் போய்விடும் என்றா. அது ஒன்று. பம்மலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு அறை முழுக்க விளையாட்டுச் சாமான் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி கார் இருக்கிறது, பஸ் இரண்டு நாளில் கட்டிலுக்கு அடியில் போகும், ஒரு மாதத்தில் பழைய இரும்புக்குப் போகும். ஆனால் இந்த வாதம் நொண்டி. ஒன்றுமே இல்லாத குழந்தையாக இருந்தால் கொடுப்பாயா? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. தெரியவில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம், ஏனென்றால் அசல் பயம் வேறு, அதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது, இன்றைக்கு அதை இந்துமதி சொல்வாள். குழந்தையைவிட உங்களுக்கு பஸ் பெரிசா. சொல்லிவிட்டால் அப்புறம் அது ஊர் முழுக்கப் போகும், குழந்தைக்கு ஒரு பொம்மை தரமாட்டேன் என்றாளாம், பாவம் என்று சாய்ந்த தலைகளெல்லாம் நிமிரும், அதனாலதான் அவளுக்குக் குடுக்கல என்பார்கள், கடவுளைச் சொல்கிறார்கள், உயர்ந்தவன் விஷயம், கொடு. ஐந்து வருடம் முன்னால் இந்துமதியின் வளைகாப்பு. சந்தனக் கிண்ணமும் வளையல் தட்டும் கைமாறிக் கைமாறி வந்தன. தமயந்தி முழங்கை வரை புடவையை இழுத்து விட்டுக்கொண்டு தயாராக இருந்தாள், பச்சை வளையல் இரண்டு எடுப்பது என்றுகூட முடிவு செய்திருந்தாள். தட்டு அவளுக்கு முன்னால் வந்தது. ஒரு கை அதைத் தூக்கி, அவள் மடியைத் தாண்டி, அடுத்த பெண்ணிடம் வைத்தது. இந்துமதியின் மாமியார் பங்கஜம் அம்மாளின் கை, மோதிர விரலில் முத்து. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, சாப்பாட்டு இலையில் விழுந்த முடியை எடுத்துப் போடுவதுபோல இயல்பாகச் செய்தார். தமயந்தி எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். கைப்பையில் புத்தகம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்தாள், நல்ல நாற்பது பக்கம், இன்றும் வரிவரியாக நினைவிருக்கிறது. இந்துமதி மேலே வரவில்லை. அப்புறம் ஒருநாள், ஒண்ணோட போதும் அண்ணி, மாமியார்கிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு, என்று அவளே சொன்னாள். பேச்சை எடுக்காமல் இருக்கச் சொல்ல முடியும் என்பதையே தமயந்தி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அழைப்பு மணி அடித்தபோது மூன்று ஐம்பத்தெட்டு. தாழ்ப்பாள் மேல் கை வைத்தாள். திறந்தாள்.

"என்ன அண்ணி, இளைச்சிட்டீங்க" என்றாள் இந்துமதி. எதையாவது வாங்கிப்போக வரும்போது அவள் இப்படித்தான் தொடங்குவாள். அவளுக்குப் பின்னால் ஜஷ்விகா, புதுக் கவுன், புதுக் கொலுசு, முட்டியில் பழைய காயம். உள்ளே வந்ததும் பாயின் நடுவில் நின்ற பஸ் கண்ணில் பட்டது. "பாத்தியா, அத்தை எடுத்தே வெச்சிருக்காங்க. போ, எடுத்துக்கோ."

குழந்தை பஸ்ஸிடம் போய்க் குந்தி உட்கார்ந்தது. கை இரண்டும் முட்டி மேல். தொடவில்லை.

"இது யாருது?"

"உன்னுதுதான்டி, எடு" என்றாள் இந்துமதி.

உன்னைக் கேட்கவில்லையே என்பதுபோல் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஜஷ்விகா இந்தப் பக்கம் திரும்பினாள். "அத்தை, இது யாருது?"

"என்னுது" என்றாள் தமயந்தி.

"உங்களுதா?"

"ஆமா."

"ஓ" என்று சொல்லிவிட்டு, இன்னும் நீட்டாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்ற சட்டம் அவள் வகுப்பில் கண்டிப்பாக இருக்க வேண்டும். "நீங்க விளையாடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை விளையாடுவேன்."

"ஓடுமா?"

அடுப்படி வாசலில் ஜல்லிக்கரண்டியோடு நின்ற குலசேகரன், "அது வந்து… ஸ்பிரிங்…" என்று தொடங்கினான்.

"நல்லா ஓடும்" என்றாள் தமயந்தி. சாவி கொடுத்தாள். விட்டாள். பஸ் கரகரவென்று கூடத்தைக் கடந்து, சோபாக் காலில் முட்டி, மணியடித்துத் திரும்பியது. ஜஷ்விகா புதுக் கவுனோடு தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள்.

"அத்தை, கடைசி ஆன்ட்டி வாந்தி எடுக்கறாங்க."

"படிக்கறாங்கன்னு நினைச்சேன்."

"பஸ்ல படிச்சா வாந்திதான் வரும்."

அந்த ஜன்னலைப் பற்றி இத்தனை வருடத்தில் வந்த வாதங்களில் தமயந்தியால் மறுக்க முடியாமல் போனது இது ஒன்றுதான்.

இந்துமதி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, குழந்தைக்குக் குடுக்கறதுக்கு இவ்ளோ யோசிக்கறீங்களே. நீங்க இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

அடுப்படியில் எண்ணெய் சடசடத்தது. ஒரு மணி நேரமாக அடுக்கி வைத்ததெல்லாம், பத்தொன்பது, இருபத்தாறு, சுருள்வில், ஈ தா கொடு, எதுவும் கிடைக்கவில்லை.

"விளையாடப்போறேன், இந்து."

"விளையாட்டுக்குச் சொல்லாதீங்க அண்ணி."

"விளையாட்டுக்குச் சொல்லல. விளையாடத்தான் போறேன். அப்புறம் படிப்பேன். நூத்தி நாப்பத்தெட்டாம் பக்கத்துல ஒருத்தன் ரொம்ப நேரமா நிக்கறான்."

"குழந்தையைவிட உங்களுக்கு பஸ் பெரிசாப் போச்சா?"

வந்துவிட்டது. இவ்வளவு நாள் வயிற்றில் வைத்திருந்த வாக்கியம் கூடத்து நடுவில், பகல் வெளிச்சத்தில், ஐந்து சொல்லாக நின்றது. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. சாவி கொடுத்துப் பார்த்தால் எங்கே முட்டும் என்றுகூடத் தெரிந்தது.

"குழந்தை கேக்கலையே. நீதான கேக்கறே."

"அண்ணா, நீயே சொல்லு. போன்ல சரின்னியா இல்லையா?"

குலசேகரன் ஜல்லிக்கரண்டியைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "பஸ் அவளுது, இந்து. நான் சரின்னது நீங்க வர்றதுக்கு. பஜ்ஜி ஆறுது, வாங்க."

ஜஷ்விகா மட்டும் எழுந்து, அலமாரியின் மூன்றாவது தட்டுக்கு நேராக நின்றாள். "அத்தை, இவ்ளோ கிருஷ்ணர் இருக்காங்களே, இவங்க யாரு?"

"எல்லாம் ஒரே ஆளுதான். எங்கிட்ட நிறைய சேர்ந்துபோச்சு."

"ஒண்ணு தர்றீங்களா?"

தா. தமயந்தி தட்டிலிருந்த பதினொன்றையும் எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தாள். ஏழாவதன் விசேஷத்தையும் சொன்னாள். இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். உள்ளிருந்து "ஐ!" என்று ஒரு சத்தமும், கொஞ்சம் பொறுத்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தமும் வந்தன. வெளியே வந்த ஜஷ்விகா வரிசையிலிருந்து இன்னொரு கிருஷ்ணனையும் எடுத்துக்கொண்டாள், வலது முழங்கால்.

"ஒண்ணு போதும்டி" என்றாள் இந்துமதி.

"இவன் எரியறதைப் பாக்க ஒரு ஆள் வேணாமா?"

"இது நான் உங்களுக்குக் குடுத்ததில்ல, அண்ணி?"

"ஆமா இந்து. பத்திரமா வெச்சிருந்தேன்."

பஜ்ஜி சாப்பிட்டார்கள். இந்துமதி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, காபி வேண்டாம் என்று சொல்லி, வேண்டாம் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டாவது முறையும் சொல்லி, ஐந்து மணிக்குக் கிளம்பினாள். படியிறங்கும் கொலுசுச் சத்தம் ஓய்ந்ததும் தமயந்தி பாயில் உட்கார்ந்து தவளையை நகர்த்தினாள். அவன் கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. நூற்று ஐம்பத்தாறாம் பக்கம் வரை படித்துவிட்டு, எழுந்து கரடியைத் துடைத்தாள்.

பம்மலில், சாமி பொம்மையைத் தரையில் போட்டு வைக்கக்கூடாது என்று இந்துமதி இரண்டு கிருஷ்ணர்களையும் பூஜை அலமாரியில் ஏற்றி வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை விளக்கேற்ற வந்த பங்கஜம் அம்மாள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கேட்டார்.